ஃபெர்மினா, தியோனிசியோவா

தாம்பா,
1994 ஜனவரி 20

அன்புள்ள நெரெய்தா அக்காவுக்கு,

தம்பி எலிசேயோ எழுதுவது. நான் நலம். குளிர் வந்தால் முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது, பணிமனையில் பேருந்துக்கு அடியில் படுத்துப் படுத்து வந்த வினை. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரை கிடைக்கிறதா? லிஸ்வானியின் புகைப்படம் வந்தது. பத்தொன்பது வயதுக்கு என்ன வளர்த்தி. அத்தான் இருந்திருந்தால் பந்து எறிகிற அந்தத் தோளைத் தட்டித் தட்டியே பூரித்துப் போயிருப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே பழைய பேஸ்பால் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு விழா நடத்தினார்கள். யார் வந்தது தெரியுமா? ஃபெர்மின் சபாலா. தொப்பை போட்டுவிட்டான், தலை நரைத்துவிட்டது. ஆனால் பந்து எறிகிற மேட்டில் ஏறி அந்த இடது கையை ஒரு சுற்று சுற்றினான் பார், அரங்கமே எழுந்து நின்றது. நான் அழுதேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "யாரு, சொந்தக்காரரா?" என்றார். "எங்க அக்காவுக்கு ஜென்ம விரோதி" என்றேன்.

இப்போதாவது ஒத்துக்கொள். உன் தியோனிசியோ லாராவுக்கு யார் இப்படி எழுந்து நிற்கிறார்கள்? மட்டை பிடித்தவர்களில் அவன் பெரியவன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த எழுபத்தெட்டு இறுதியாட்டத்தில், கடைசிச் சுற்றில், ஆட்டமே அவன் மட்டையில் தொங்கியபோது ஃபெர்மின் என்ன செய்தான்? நாலு பந்தையும் வேண்டுமென்றே மட்டைக்கு எட்டாமல் அகலமாகப் போட்டு, "நீ சும்மா முதல் தளத்துக்கு நடந்து போடா தம்பி" என்று அனுப்பிவிட்டு, அடுத்தவனைக் கவிழ்த்துக் கோப்பையைத் தூக்கினான். அதற்குப் பெயர் மூளை. அவன் மூளையும் துணிச்சலும் அவனை எங்கே கொண்டு வந்தன, உன் ஆள் எங்கே இருக்கிறான்?

லிஸ்வானியிடம் சொல்: பின்னறையில் ஒரு கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டாவது ஃபெர்மினுக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் பதில் போட்டுத் திட்டு.

உன் தம்பி,
எலிசேயோ


மத்தான்சாஸ்,
1994 பிப்ரவரி 27

அன்புத் தம்பி எலிசேயோவுக்கு,

நானும் பிள்ளையும் நலம். மாத்திரை ஒரு மாதம் வருகிறது, ஒரு மாதம் வருவதில்லை. முழங்காலுக்குச் சூடான எண்ணெய் தேய். பேருந்துக்கு அடியில் அட்டையை விரித்துப் படு.

உன் கடிதம் வந்த கோலத்தைச் சொல்கிறேன். உறையின் வாயைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். அதைக்கூட ஒழுங்காக ஒட்டவில்லை. யார் வந்தார், யார் போனார் என்று கணக்கு வைக்கிற எங்கள் தெருக் கமிட்டி எமெலினா மறுநாளே வந்து, "தம்பி சௌக்கியமா இருக்காரா? கட்டில் எல்லாம் வாங்கிருக்காராமே" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நீ கடல் தாண்டிப் போய்ப் பதினாலு வருஷமாகிறது, ஊர் வழக்கம் மறந்துவிட்டாய். நாட்டைவிட்டுப் போனவன் பெயரை இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. வானொலியில் இல்லை, புத்தகத்தில் இல்லை. எழுபத்தெட்டு இறுதியாட்டத்தை இப்போது வானொலியில் சொன்னால், கோப்பை என்னவோ தானாகவே நடந்து போன மாதிரி சொல்கிறார்கள். சதுக்கத்தில் நம் ஆட்கள் இன்னமும் தினம் கூடிக் கத்துகிறார்கள். உன் ஆளைச் சொல்ல வேண்டுமானால் இடது தோளை ரெண்டு தட்டு தட்டுவார்கள். அவ்வளவுதான். நீயும் இனிமேல் "அந்தத் தோள்" என்று எழுது.

வாதத்துக்கு வா. அது மூளையா? அது பயம். அவன் இடத்தில் நான் நின்றிருந்தாலும் பயந்திருப்பேன். எதிரில் நின்றவன் தியோனிசியோ. பந்து கையைவிட்டு வருவதற்கு முன்னாலேயே அதன் தையல் தெரிகிற கண் அவனுக்கு. அந்தத் தோள் ஒரு நாட்டையே ஜெயித்திருக்கலாம், இந்த ஒரு மனிதனுக்கு நேராகப் பந்து போட முடியவில்லை. பிறகு வெளிநாட்டுப் போட்டிக்குப் போன இடத்தில், ஓட்டல் சமையலறைக் கதவு வழியாக நழுவினான். காலில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் படவில்லை. இதில் என்ன துணிச்சலைக் கண்டாய்?

தியோனிசியோ நன்றாக இருக்கிறான். தினம் சதுக்கத்துக்கு வருகிறான்.

லிஸ்வானிக்கு ஏப்ரலில் மாகாண அணித் தேர்வு. பயிற்சியாளர் அவனைத்தான் முதல் பெயராகச் சொல்கிறாராம். அவன் நீ எழுதுவதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறான், அதை நினைவில் வை. கட்டில் பேச்சு வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

முத்தங்களுடன் அக்கா,
நெரெய்தா


தாம்பா,
1994 மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கும் மருமகன் லிஸ்வானிக்கும்,

இங்கே சுகம். அங்கே எல்லோரும் சுகம்தானே? எண்ணெய் தேய்த்தேன், வலி குறையவில்லை, பூனைதான் என்னை நக்க ஆரம்பித்திருக்கிறது.

அக்கா, எமெலினாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவள் படிப்பதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நல்ல கையெழுத்தில் எழுதுகிறேன்.

மற்றது லிஸ்வானிக்கு. டேய் மருமகனே, உன் அம்மா சொல்வதைக் கேட்டுச் சாப்பிடு, தூங்கு. பேஸ்பால் விஷயத்தில் மட்டும் அவளைக் கேட்காதே. எங்கள் அப்பா வானொலிப் பெட்டியை மேசையில் வைத்ததிலிருந்து அவள் தியோனிசியோ கட்சி. நான் ஃபெர்மின் கட்சி. மேற்குக் கோடிப் புகையிலைக்காட்டுப் பையனை நம் ஊரில் ஆதரித்து உதை வாங்கியவன் நான் ஒருத்தன்தான். ஏன் ஆதரித்தேன் தெரியுமா? ஃபெர்மின் உலகத்தின் நல்ல மட்டைக்காரர்கள் எல்லோருக்கும் பந்து போட்டுப் பார்த்தான். தியோனிசியோ எங்கேயும் போகவில்லை. பயந்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டான். வீட்டில் இருப்பவன் எவ்வளவு பெரியவன் என்று யாருக்குத் தெரியும்? அவனுக்கே தெரியாது.

உனக்கும் அதே கை. புகைப்படத்தைப் பார்த்தே சொல்வேன். கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கியாகிவிட்டது. நான் கடலில் வந்த கதையை அம்மாவிடம் கேள், சிரித்து வயிறு புண்ணாகிவிடும். சமையல்காரனின் தொப்பி பறந்ததும், அதைப் பிடிக்கப் போன பாதிரியார் என் மடியில் விழுந்ததும்.

தேர்வில் ஜெயித்து எழுது. எல்லோருக்கும் என் அன்பு.

மாமா,
எலிசேயோ


மத்தான்சாஸ்,
1994 மே 8

எலிசேயோவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. உன் கடிதத்தை நான் பார்ப்பதற்கு முன் லிஸ்வானி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சதுக்கத்துக்குப் போயிருக்கிறான். அங்கே வழக்கமான சண்டை. முடிதிருத்தும் நீக்கோ இவனைச் சீண்டியிருக்கிறான். "உன் மாமன் அங்க பஸ்ஸுக்கு அடியில கெடக்குறான். அவனுக்கு என்னடா தெரியும் பந்தைப் பத்தி?"

இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாமா என்ன எழுதிருக்காருன்னு கேளுங்கய்யா" என்று கடிதத்தை உருவி, பெஞ்சு மேல் ஏறி நின்று படித்திருக்கிறான். அந்தத் தோளின் பெயரோடு. வீட்டில் இருப்பவன் பயந்தவன் என்று நீ எழுதியதைப் படித்தான். வந்த வேகத்தில் கட்டில், விரிப்பு, கடல் எல்லாவற்றையும் படித்துவிட்டான். இறங்கிப் பார்த்தால் பக்கத்தில் யாருமில்லை. எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். நீக்கோ மட்டும் காதில், "வாதத்துல நீதான் ஜெயிச்ச, வீட்டுக்கு ஓடு" என்றானாம்.

தேர்வு நாளில் அவன் பெயர் இல்லை. பயிற்சியாளர் தரையைப் பார்த்துக்கொண்டே, "இந்த வருஷம் கொஞ்சம் ஓய்வெடு தம்பி" என்றார். என்ன தப்பு என்று கேட்டதற்கு, "வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போற பையன் திரும்பி வருவான்னு நான் கையெழுத்துப் போடணும். உனக்கு எப்படிப் போடுவேன்?" என்றார்.

அவன் போக நினைக்கவே இல்லை, எலிசேயோ. அவனுக்கு இந்த ஊர்ச் சட்டை போட்டுக்கொண்டு இந்த ஊர் மைதானத்தில் பந்து போட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஒரு வாதத்தில் ஜெயிக்கப் போய் அதைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறான். இப்போது நாள் முழுக்க என்ன நினைக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ ஒன்று செய். தியோனிசியோதான் பெரியவன் என்று அவனுக்கு எழுது. இங்கேயே இருந்தவன் பெரியவன் என்று உன் கையால் ஒரு வரி. நான் சொன்னால் அம்மா பேச்சு. நீ சொன்னால் கேட்பான்.

அக்கா,
நெரெய்தா


மத்தான்சாஸ்,
1994 மே 22

மாமாவுக்கு,

லிஸ்வானி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். இது நீக்கோவின் மச்சான் மூலம் வருகிறது. அவர் கப்பலில் வேலை செய்கிறார், மெக்சிகோவில் வேராகிரூஸ் துறைமுகத்தில் இறங்கித் தபாலில் போடுவார். அதனால் யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

தேர்வு விஷயம் தெரிந்திருக்கும். அது உங்கள் தப்பில்லை. நீங்கள் எழுதியது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், முன்பைவிட அதிகமாக நினைக்கிறேன்.

தியோனிசியோ நன்றாக இருக்கிறார் என்று அம்மா எழுதியிருப்பாள். அவருக்குக் கண் போய்விட்டது மாமா. போன வருஷம் சாப்பாடு இல்லாமல் ஊரெல்லாம் வந்ததே ஒரு கண் நோய், அது. ரெண்டடி தூரத்தில் நின்றால், "யாருப்பா அது?" என்கிறார். சுவரைத் தடவிக்கொண்டுதான் ரொட்டி வரிசைக்கு வருகிறார். யாரும் முன்னால் விடுவதில்லை, அவரும் கேட்பதில்லை. அம்மா தன் பங்குச் சர்க்கரையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். உங்களிடம் சொன்னால் வாதத்தில் தோற்றுவிடுவாளே, அதனால் சொல்ல மாட்டாள்.

நான் இப்போது தனியாகச் சுவரில்தான் பந்து எறிகிறேன். ஒருநாள் அவர் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் மேல புடிச்சு எறி" என்றார். அதுதான் சரியாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இருந்தவருக்கு இந்த ஊர் கொடுத்தது இதுதான் என்றால் எனக்கு என்ன கொடுக்கும்?

ஒன்று கேட்கிறேன். நீங்கள் வந்தபோது கடல் எத்தனை நேரம் எடுத்தது? எந்த மாதம் அலை குறைவு? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உங்கள் மருமகன்,
லிஸ்வானி


தாம்பா,
1994 ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ரத்த அழுத்தம் கூடவில்லையே? மாத்திரை வாங்கி ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன், மெக்சிகோ வழியாக வரும். எனக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் சரியில்லை.

உன் கடிதம் படித்து மனசு கனத்துப் போயிற்று. பையன் இப்படிச் செய்வான் என்று கண்டேனா? இனிமேல் கட்டிலைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆனால் நீ கேட்ட அந்த ஒரு வரி வர மாட்டேன் என்கிறது, அக்கா. மூன்று முறை உட்கார்ந்தேன். அப்பா இருந்தபோதே நான் மாற்றிச் சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது? அவனும் நம்ப மாட்டான். மாமா பொய் சொல்கிறார் என்று தெரிந்தால் மற்ற எதையும் நம்ப மாட்டான். கொஞ்சம் பொறு. வேறு விதமாக எழுதிப் பார்க்கிறேன்.

லிஸ்வானி வீட்டில்தானே இருக்கிறான்? எந்த நேரத்தில் போகிறான், யாரோடு சுற்றுகிறான் என்று கவனித்துக்கொள். கடற்கரைப் பக்கம் அதிகம் போகிறானா? வயசுப் பையன், வெயில் ஆகாது, அதற்காகக் கேட்டேன்.

உடனே பதில் எழுது. ரெண்டு வரியானாலும் எழுது.

தம்பி,
எலிசேயோ


மத்தான்சாஸ்,
1994 ஜூலை 19

எலிசேயோவுக்கு,

மாத்திரை வந்தது. நீ நல்லா இரு.

வெயில் ஆகாது என்றா கேட்டாய்? கடலோர ஊரில் பிறந்த பிள்ளைக்கு? யாருக்கடா காது குத்துகிறாய்? அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குத் தெரிந்துவிட்டது, உனக்கு ஏதோ தெரியும் என்று. என்ன தெரியும், எழுது.

எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன். துணி காயப்போடும் கயிறு காணோம். கொல்லைக் கதவில் கீழ்ப் பலகை ரெண்டு காணோம். பிள்ளை பொறுமையாகிவிட்டான். குடத்துத் தண்ணீரை நான் கேட்காமலே நிரப்புகிறான். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன வாரம் சாப்பிடும்போது அவன் வாயைக் கிளறலாம் என்று, "என்ன இருந்தாலும் தியோனிசியோ கால் தூசி பெறுவானா அந்தத் தோளு?" என்றேன். எப்போதும் பாதிச் சோற்றில் எழுந்து கத்துவானே. தலையை நிமிர்த்திச் சிரித்து, "ரெண்டு பேருமே நல்ல ஆட்டக்காரங்கதாம்மா" என்றான்.

எலிசேயோ, நம் வீட்டில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்பா சாகக் கிடந்தபோதுகூடச் சொல்லவில்லை. விட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறவன்தான் அப்படிப் பேசுவான்.

தியோனிசியோ நன்றாக இருக்கிறான் என்று எழுதினேன். இல்லை. அவனுக்குக் கண் தெரியவில்லை. நீ சிரிப்பாய் என்று மறைத்தேன். சிரித்துக்கொள். ஆனால் இதற்குப் பதில் சொல்: எழுபத்தெட்டில் அந்தத் தோள் எதிரே நின்றவனைப் பார்த்து, இவனிடம் வம்பு வேண்டாம் என்று ஒதுங்கினான். அதை நீ மூளை என்கிறாய். தியோனிசியோ இவ்வளவு பெரிய கடலைப் பார்த்து ஒதுங்கினால் அது மட்டும் எப்படிப் பயமாகிறது? பயப்படத் தெரிந்ததால்தானே ரெண்டு பேரும் ஜெயித்தார்கள்? என் பிள்ளைக்கும் கொஞ்சம் பயத்தைக் கொடு. உன்னால்தான் முடியும்.

எழுது, தம்பி. காலில் விழுகிறேன்.

நெரெய்தா


தாம்பா,
1994 ஆகஸ்ட் 9

அக்காவுக்கும் லிஸ்வானிக்கும்,

நலம் விசாரிக்க நேரமில்லை. கேன்கூன் வழியாக அங்கே வருகிற ஒருவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன், எப்படியும் சீக்கிரம் வந்துவிடும். யார் பிரித்துப் படித்தாலும் கவலையில்லை. அக்கா, இதைச் சத்தமாக அவனுக்குப் படி.

லிஸ்வானி, தியோனிசியோதான் பெரியவன். நான் சொல்கிறேன், எலிசேயோ. கண் போன பிறகும் சத்தத்தை வைத்து உன் விரல் எங்கே இருக்கிறது என்று சொன்னானே, அவனுக்கு ஈடாக ஒருத்தன் இந்தப் பூமியில் பிறக்கவில்லை. இருந்தவன்தான் பெரியவன். ஃபெர்மின் அவனுக்குப் பயந்தான், உன் அம்மா சொன்னதுதான் சரி.

அக்கா, மே மாதம் அவன் எனக்கு எழுதினான். கடலைப் பற்றிக் கேட்டான். சொல்ல வேண்டாம் என்றான், நான் வாயைக் கட்டிக்கொண்டேன்.

டேய், நீ கேட்டதற்குப் பதில் இது. தொப்பி பறந்த கதையோடுதான் நான் எப்போதும் நிறுத்துவேன். அதற்குப் பிறகு இன்ஜின் நின்றது. ஓர் அலை வந்தது. வரும்போது என் பக்கத்தில் அந்தப் பாதிரியார் இருந்தார், போகும்போது இல்லை. யாரும் கத்தவில்லை. கத்தினால் அடுத்தது தாங்கள்தான் என்று எல்லோரும் நினைத்தோம். எனக்கு ஒன்றுக்குப் போய்விட்டது. அது நாற்பது பேர் ஏறிய மரப்படகு. இப்போது அங்கே பையன்கள் கட்டுகிற மாதிரி டயர் ட்யூப் மிதவை இல்லை. எந்த மாதமும் அலை குறைவு கிடையாது. இன்றுவரை குளியல் தொட்டியில் தண்ணீர் நிரம்புகிற சத்தம் கேட்டால் நான் வெளியே வந்துவிடுவேன்.

வராதே. நான் சட்டப்படி காகிதம் போட்டு வரவழைக்கிறேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. அம்மா பக்கத்திலேயே இரு, ராஜா.

மாமா,
எலிசேயோ


மத்தான்சாஸ்,
1994 ஆகஸ்ட் 20

எலிசேயோ,

வந்துவிட்டானா?

செவ்வாய்க்கிழமை காலை ரொட்டி வாங்கி வருகிறேன் என்று போனான். இப்போது யாரும் தடுப்பதில்லை, தெரியுமில்லையா? கரையில் பட்டப்பகலில் மிதவை கட்டுகிறார்கள், கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிறது. நான் ரொட்டி வரிசையில் போய்த் தேடினேன். தியோனிசியோ என் செருப்புச் சத்தத்தைக் கேட்டு, "நெரெய்தா, பையன் இங்க இல்ல. விடிஞ்சதுலேருந்து இல்ல" என்றான்.

நாலு பேர். ரெண்டு லாரி ட்யூப், நம் கொல்லைக் கதவுப் பலகை. நீக்கோ பார்த்திருக்கிறான். "தண்ணி தரை மாதிரி கெடந்துச்சு, அலையே இல்லக்கா" என்று என் தலையைத் தடவிச் சொன்னான். அன்று சாயங்காலமே காற்று எழுந்துவிட்டது.

எமெலினா வந்தாள். அவள் வீட்டு வானொலியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, உங்கள் நாட்டு நிலையத்தைத் தானே திருகி வைத்துவிட்டுப் போனாள். அதில் கரை சேர்ந்தவர்கள் பெயரைப் படிக்கிறார்கள். லி என்று ஆரம்பித்தாலே எழுந்து பெட்டிப் பக்கத்தில் போய் நிற்கிறேன். லிசார்தோ, லினோ, லிபோரியோ.

வந்தால் முதலில் தண்ணீர் கொடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு.

அக்கா


தாம்பா,
1994 செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரையை விடாமல் சாப்பிடு. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இன்னும் வரவில்லை. அதனால் எதுவும் நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கடலில் எடுப்பவர்களை இப்போது இங்கே கொண்டுவருவதில்லை, குவாந்தானமோ முகாமில் வைக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களாம். பெயர் வெளியே வர நாளாகும்.

பணிமனைக்கு லீவு போட்டுத் தெற்கே கடைசித் தீவு வரைக்கும் போய்விட்டு வந்தேன். காவல் படகுக்காரர்களோடு பேசினேன். அவர்கள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. ட்யூப்களைக் கரையில் குவித்து வைத்திருக்கிறார்கள். நிறைய. எல்லா ட்யூபும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, அக்கா. நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

என் ஆகஸ்ட் கடிதம் கிடைத்ததா? அதில் எழுதியதுதான் என் முடிவு. தியோனிசியோதான் பெரியவன். நீ சொன்னதுதான் சரி, எப்போதும் நீ சொன்னதுதான் சரி.

சாப்பிடு.

தம்பி,
எலிசேயோ


மத்தான்சாஸ்,
1994 அக்டோபர் 2

அன்புத் தம்பி எலிசேயோவுக்கு,

இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? தெற்கே போகிறேன் போகிறேன் என்று வேலையைத் தொலைத்துவிடாதே.

உன் ஆகஸ்ட் கடிதம் போன வாரம்தான் வந்தது. கொண்டு வந்தவர் வழியில் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். உறை பிரிக்கப்படவே இல்லை. செப்டம்பர்க் கடிதம் மறுநாள் வந்தது. ரெண்டையும் படித்தேன். சின்ன வயசிலிருந்து உன் வாயால் எதைக் கேட்க ஆசைப்பட்டேனோ அதை எழுதியிருக்கிறாய். தியோனிசியோதான் பெரியவன் என்று. படித்து முடித்ததும் ரெண்டையும் அடுப்பில் போட்டேன்.

இனிமேல் இந்த வீட்டுக்கு அப்படி எழுதாதே. இருந்தவன் பெரியவன் என்றால் என் பிள்ளை என்ன ஆவான்? யோசித்துப் பார்த்தாயா? அந்த அலையை ஏன் எனக்கு எழுதினாய்? வானொலியில் பெயர் படித்து முடிந்ததும் அந்தப் பாதிரியார்தான் என் கண்ணில் நிற்கிறார். எனக்கு வேண்டாம். தொப்பி பறந்ததோடு நிறுத்து. முன்பு எழுதின மாதிரி எழுது.

நேற்றுச் சதுக்கத்துக்குப் போனேன். ஆண்கள் கூட்டம், வழக்கமான சண்டை. என்னைப் பார்த்ததும் பேச்சை அடக்கினார்கள். நான் நடுவில் போய் நின்று, "ஃபெர்மின் சபாலாதான்யா பெரியவன்" என்றேன். தோளைத் தட்டவில்லை, பெயரைச் சொன்னேன். தியோனிசியோ அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நீக்கோ அவனைப் பார்த்தான், அவன் என் குரல் வந்த பக்கம் திரும்பி, "சரியாத்தான் சொல்றா. அவன் போட்ட மாதிரி எவனும் எனக்குப் போட்டதில்ல" என்றான். அந்த நாலு பந்தும் அகலமாகப் போனவை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் சொன்னால் போதவில்லை, எலிசேயோ. என் காதுக்கே அது பொய்யாகக் கேட்கிறது. நீ சொல்ல வேண்டும். ஃபெர்மின் போனான், போய்ச் சேர்ந்தான், மேட்டில் ஏறி நின்றான், ஊரே எழுந்து நின்றது என்று எழுது. என்னைத் திட்டு, கிண்டல் பண்ணு. உனக்குப் பேஸ்பாலே தெரியாது என்று சொல். போகிறவன்தான் பெரியவன், போகிறவன் போய்ச் சேருவான் என்று எழுது. நான் மறுத்து எழுத மாட்டேன்.

அக்கா,
நெரெய்தா